பியூலாவின் கோடு

ஜூலை 1, செவ்வாய்

ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு தங்கச்சி பியூலாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக என் மனைவி வயலட்தான் போவாள். இன்று மகள் ஷைனியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், அவள் அங்கே போய்விட்டாள்.

தங்கச்சிக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தத்தை மெஷினுக்கு அனுப்பிக் கழுவி உள்ளே விட்டாக வேண்டும். மற்ற நாட்களில் பேக்கரிக்குப் போய் மக்ரூன் பொட்டலம் போடுகிறாள். வேலையை விடு என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்கிற ஆள் இல்லை.

இன்று அவள் மெஷினில் புதிதாக ஒரு பெட்டி வைத்தார்கள். ஹஸீனா என்று ஒரு பெண், பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், கொண்டுவந்திருந்தாள். சின்ன டிபன் பாக்ஸ் அளவுதான். கழிவுத் தண்ணீர் வெளியேறுகிற குழாயில் அதைக் கவ்வவைத்தாள்.

"இது என்னம்மா செய்யும்?" என்று கேட்டேன்.

"இந்தக் குழாய்ல போற தண்ணிக்குள்ள ஒரு லைட்ட விடுதோம் சார். நம்ம கண்ணுக்குத் தெரியாத லைட்டு. ரத்தத்துல இருந்து வந்த அழுக்கு தண்ணியில நெறைய இருந்தா லைட்ட அது முழுங்கிரும். அந்தப் பக்கம் கொஞ்சந்தான் போய்ச் சேரும். ரத்தம் சுத்தமாக ஆக லைட்டு நல்லாப் போகும். எவ்வளவு அழுக்கு வெளிய வருதுன்னு அத வச்சு இதுல கோடு போட்டுக் காட்டும்."

கையிலிருந்த டேப்லட்டைக் காட்டினாள். நெட்டுக்குத்தாக ஆரம்பித்து மெல்லச் சரிந்து இறங்குகிற ஒரு கோடு. சுத்தம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இதுவரை மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துக் கொடுப்போம். இது ஒவ்வொரு தடவையும் அங்கேயே சொல்லிவிடுமாம்.

பியூலா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். "நல்லாருக்கே. எனக்குன்னு தனியா ஒரு டிவி" என்றாள்.

கிளம்பும்போது கோமதி சிஸ்டர் பிடித்துக்கொண்டார். மாற்றுச் சிறுநீரக ஆபரேஷனுக்கு வேண்டிய ஏற்பாடுகளைக் கவனிப்பவர். "ஆல்வின் சார், உங்க ரத்தமும் தங்கச்சி ரத்தமும் நல்லா ஒத்துப்போயிருக்கு. இனி ஸ்கேன் ஒண்ணுதான் பெருசு. அடுத்த வியாழக்கிழமை வந்துருதீங்களா?"

வந்துவிடுகிறேன் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

நிலக்கரிக் கப்பல் வந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆள் இல்லை. ஸ்கேனுக்குப் போக முடியவில்லை.

ஜூலை 26, சனி

அந்தப் பெட்டி சாதாரணப் பெட்டி இல்லை.

இன்று நான்தான் பியூலாவோடு இருந்தேன். பாதி நேரம் ஆனபோது ஹஸீனா எழுந்து நின்றாள். கோடு இறங்க வேண்டிய மாதிரி இறங்கவில்லை, வெடுக்கென்று விழுந்து தரையோடு படுத்துவிட்டது. "சீக்கிரமா சுத்தமாயிட்டுது போல" என்று நான் சொன்னேன். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு டெக்னீசியனைக் கூப்பிட்டாள்.

"அழுக்கு வெளிய வரவே இல்ல சார். அதான் தண்ணி தெளிவாத் தெரியுது. ரத்தம் சுத்தமாயிருந்தா இப்படி ஒரேயடியா விழாது."

டெக்னீசியன் பார்த்தார். வடிகட்டிக்குள் ரத்தம் உறைந்து பெரும்பகுதி அடைத்திருந்தது. மாற்றினார்கள். கோடு மறுபடி மேலே ஏறி, பிறகு ஒழுங்காக இறங்கியது. பெட்டி மட்டும் இல்லையென்றால், அரைகுறையாகக் கழுவிய ரத்தத்தோடு வீட்டுக்குப் போய், காலையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்திருப்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதையேதான் பேசினேன். இப்படி ஒரு கருவி கூட இருக்கும்போது டயாலிசிஸிலேயே எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றேன். சிலர் இருபது வருடம் ஓட்டுகிறார்களாம்.

பியூலா ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கியிருந்தாள். தாகத்துக்கு அவளுக்கு அதுதான். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வயலட் என்னைப் பார்த்துவிட்டு மேலும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கோமதி சிஸ்டர் போன் செய்தார். ஸ்கேனுக்கு இரண்டு தடவை தேதி தவறிவிட்டது என்றார்.

வீட்டில் பயப்படுகிறாள் சிஸ்டர், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்றேன். அவர் உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "புரியுது சார். வீட்டம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க. நான் பேசுதேன். அவங்கள வருத்தப்படுத்த வேண்டாம்" என்றார். நல்ல பெண்மணி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து வயலட் முன்அறையை ஒழித்தாள். தையல் மெஷினைப் பின்னால் தள்ளி, பழைய கட்டிலை வெளியே எடுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"ஆபரேசன் முடிஞ்சு வந்தா நீங்க ரெண்டு பேரும் படுக்கணும்லா. அவ அறையில காத்து வராது. ஆளுக்கு ஒரு கட்டிலு, நடுவுல ஒரு பேனு. எங்க அம்மாவையும் ஒரு மாசத்துக்கு வரச் சொல்லிருக்கேன். லீவு சொல்லிட்டீங்களா?"

துறைமுகத்தில் லீவு கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியாது.

ஆகஸ்ட் 23, சனி

கோடு நன்றாக இறங்கியது. எவ்வளவு கழுவியிருக்கிறது என்று முடிவில் ஹஸீனா கொடுக்கிற எண்ணும் நல்ல எண். அவளிடம், "அப்ப தங்கச்சி நல்லாருக்கான்னு அர்த்தம்தான?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இன்னைக்குக் கழுவுனது நல்லாக் கழுவியிருக்குன்னு அர்த்தம் சார். அதுக்கு மேல இந்தப் பெட்டிக்குத் தெரியாது."

படித்த பிள்ளைகள் எதையும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறது. ஷைனிக்குக் கணக்கில் மார்க் குறைவு.

அப்பாவின் நினைவு நாள். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போனார். சின்ன ஆபரேஷன், சாயந்தரமே சோறு சாப்பிடலாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பியூலா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்று பியூலா பேக்கரியில் மயங்கி விழுந்துவிட்டாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். முதலாளியே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். உடம்பு தேறின பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று மத்தியானம் டயாலிசிஸில் கோடு ஒழுங்காகத்தான் இறங்கியது.

பெரிய டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். மாற்றுச் சிறுநீரகம் வைப்பதென்றால் இதுதான் நேரம், இதயம் தாங்கும்போதே செய்துவிட வேண்டும் என்றார். பெட்டி காட்டுகிற எண்கள் நன்றாக இருக்கின்றனவே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாரத்துல பன்னெண்டு மணி நேரம் மெஷின் பாத்துக்கிடுது ஆல்வின். மிச்ச நேரம்?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் வயலட்டும் ஷைனியும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பியூலா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கோமதி சிஸ்டர்ட்ட நேத்து சொல்லிட்டேன். எனக்கு ஆபரேசன் வேண்டாம்னு."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"பயமா இருக்குண்ணே. அப்பா மாதிரி ஆயிட்டா?"

இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் மேலே நின்றேன், அவள் கீழே. விசிறி இறக்கை ஒன்று என் கையில் இருந்தது.

கோபித்துக்கொண்டேன். அண்ணன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது உனக்கு என்ன பயம், கிறுக்கா பிடித்திருக்கிறது என்று சத்தம் போட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. "நீ குடுக்கேன்னுதான் சொல்லுத, எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் மனசு ஒப்பல. அப்படித்தான் சிஸ்டர்ட்டயும் சொல்லிருக்கேன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

"வயலட்டு என்ன சொல்லுவா?"

"மைனிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ அந்த இறக்கையக் குடு, நான் தொடைக்கேன்."

இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? அவள் உடம்பு, அவள் முடிவு. பச்சைப்பிள்ளை இல்லை, முப்பத்தாறு வயது. கட்டாயப்படுத்தவா முடியும்?

சாயந்தரம் கடற்கரைக்கு நடந்துபோய் ஊளி மீன் வாங்கி வந்தேன். வயலட் பியூலாவின் அறையில் பேசிவிட்டு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நல்ல தூக்கம்.

நவம்பர் 8, சனி

ஹஸீனா டயாலிசிஸ் பிரிவில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். அவள் ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் ஒப்புதல் கிடைத்துவிட்டதாம், இன்னும் நாலு பெட்டி செய்யப் போகிறாள். பியூலா ஒரு துளி மட்டும் நாக்கில் வைத்துவிட்டு மிச்சத்தை ஷைனிக்காகப் பொதிந்து வைத்துக்கொண்டாள்.

வயலட் முன்அறைக் கட்டில்களை எடுக்கவில்லை. பியூலாவை அங்கே படுக்கச் சொல்லியிருக்கிறாள். மற்றக் கட்டில் சும்மா கிடக்கிறது.

நவம்பர் 29, சனி

தூறல். ஆட்டோவில் கூட்டிப்போய் வந்தோம். கோடு இதுவரை பார்த்ததிலேயே அழகாக இறங்கியது. ஹஸீனாவே சொன்னாள். புயல் சின்னம் என்று துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

விடாத மழை. கோயிலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

குளம் உடைந்துவிட்டது என்கிறார்கள். விடியும்போது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மத்தியானம் வீட்டுக்குள். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். பியூலாவைக் கட்டிலோடு நாலு செங்கல் வைத்து உயர்த்தினேன். கரண்ட் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். தெருமுனை வரை இடுப்புத் தண்ணீரில் போய்ப் பார்த்தேன். அதற்கு அப்பால் ஆள் முங்குகிறது. ஆட்களை ஏற்றிப்போகிற டிராக்டரும் வரவில்லை. போன் ஒரு நேரம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில், எப்படியாவது கொண்டுவந்துவிடுங்கள், பழம், இளநீர் எதுவும் கொடுக்காதீர்கள், பொட்டாசியம் ஏறிவிடும் என்றார்கள்.

அக்கம்பக்கத்தார் மாடியிலிருந்து மாடிக்குக் கயிறு கட்டி வாழைப்பழமும் ரொட்டியும் அனுப்பினார்கள். பியூலா இரண்டு துண்டு ரொட்டி மட்டும் தின்றாள். பழத்தைத் தொடவில்லை. கால் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்றாள். வயலட் தேய்த்துவிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

டிசம்பர் 3, புதன்

பியூலா போய்விட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் சேறு. இரண்டு நாளாக வழித்துக்கொட்டுகிறோம்.

எழுத உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறேன். இப்போதாவது எழுத வேண்டும்.

புதன்கிழமை காலையில் மீனவர்கள் பைபர் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். கூப்பிட்டவுடன் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பியூலாவுக்குக் காலைத் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கிப் படகில் வைத்தேன். கனமே இல்லை. வயலட் ஷைனியோடு மாடியில் நின்றாள்.

படகில் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். மழை நின்றிருந்தது. கரண்டு கம்பி தலைக்கு மேலே கைக்கெட்டுகிற உயரத்தில் போனது. படகுக்காரர் துடுப்பால் அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

"பியூலா, நான் தாரேன்" என்றேன். "இந்தா, ஆஸ்பத்திரிக்குத்தான போறோம். போனதும் கோமதி சிஸ்டர்ட்ட சொல்லுதேன். நெசமாத்தான் சொல்லுதேன் பிள்ள."

கண்ணைத் திறந்து பார்த்தாள். "தண்ணி வடியட்டும்ணே" என்றாள். பிறகு, "பயப்படாத" என்றாள்.

மெயின் ரோட்டுக்கு வருமுன்னே அவள் கை என் கையை விட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் வெகு நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிட்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை கழுவியிருந்தால் நின்றிருக்காது. வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

டிசம்பர் 13, சனி

ஹஸீனா வந்திருந்தாள். வாசலில் கிடந்த சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வயலட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பொட்டாசியம் உங்கள் லைட்டில் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாது சார். எங்க லைட்ட அது தடுக்காது, அது பாட்டுக்குத் தாண்டிப் போயிரும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு அக்கா மெஷின்கிட்டயே வரலையே சார்" என்றாள்.

டிசம்பர் 20, சனி

கோமதி சிஸ்டர் வந்தார். வயலட் காப்பி போட்டுக் கொடுத்தாள். சிஸ்டர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஒங்க மனசுல ஏதும் வச்சுக்கிடாதீங்கம்மா. நீங்க பயந்ததுல தப்பே இல்ல. புருசன ஆபரேசனுக்கு அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? சார் அப்பவே சொன்னாரு, வீட்ல பயப்படுதாங்கன்னு. கடைசியில பியூலாவே வேண்டாம்னுட்டா. ஒங்களால ஒண்ணும் இல்ல."

நான் சுவரில் இருந்த தண்ணீர்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு உயரத்தில், அறை முழுக்க ஒரே மட்டமாக ஓடுகிறது.

வயலட் என்னைப் பார்த்தாள் என்று தெரியும். நான் திரும்பவில்லை.

"ஆமா சிஸ்டர்" என்றாள் வயலட். "எனக்குப் பயந்தான்."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டுமுன் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 22, திங்கள்

இரண்டு நாளாக வயலட் என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். இன்று பியூலாவின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்களுக்கு என்னங்க பயம்?"

தெரியவில்லை என்றேன்.

"தெரியலன்னா அவகிட்டயே தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா. பயமா இருக்கு பிள்ள, என்னால முடியலன்னு ஒரு வார்த்த. அவ அத வாங்கிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பா. வேற ஆளு யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம். நானே குடுத்திருப்பேன். எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்புத்தான். நீங்க குடுக்கேன்னு சொன்னதாலதான் நான் சும்மா இருந்தேன்."

சொல்லிவிட்டு மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். அவளுக்கும் அதே குரூப் என்று எனக்குத் தெரியும். ஷைனி பிறந்தபோதே தெரியும்.

டிசம்பர் 25, வியாழன்

ஷைனிக்கு மட்டும் புது உடுப்பு.

ஜனவரி 4, ஞாயிறு

ஆராதனை முடிவில் பியூலாவுக்காக ஜெபம் வைத்தார்கள். பேக்கரியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி மூன்றாம் வரிசையில் கர்சீப்பால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹஸீனா கடைசி வரிசையில்.

போதகர் பியூலாவைப் பற்றிப் பேசினார். பொறுமையைப் பற்றிச் சொன்னார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பியூலா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். எங்க அண்ணன் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கத் தயாராக நின்றான், நான்தான் வேண்டாம் என்றேன், அவனைப் போல ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று. இப்படிப்பட்ட அன்பை நம் சபையில் பார்க்க ஆண்டவர் கிருபை செய்தார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தட்டினார். எழுந்து நின்று ஏதாவது சொல்லுங்கள் என்று போதகர் சைகை காட்டினார்.

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். வயலட் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷைனி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். போதகர் தலையசைத்து ஆர்மோனியக்காரருக்குக் கை காட்டினார். எல்லோரும் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள்.

நானும் பாடினேன்.